ஒரு தலை கூடுதல்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கிளம்பி, கோரிமேட்டைத் தொட்டு, பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து வெளியேறி, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று தவளக்குப்பம் போய்ச் சேரும் தனியார் பஸ் ஒன்றில் கோவிந்தராசு பதினெட்டு வருஷமாகக் கண்டக்டர். அவனிடம் விசேஷம் என்று சொல்ல ஒன்றுதான் உண்டு. தலை எண்ணுவான். எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் பின்படியில் தொங்கியபடி ஒரு பார்வை ஓட்டினால் போதும், அறுபத்து மூணு என்பான். அறுபத்து மூணுதான் இருக்கும். ஓனர் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் கண்ணுக்கு 2004 பொங்கலோடு என்னவோ ஆகிவிட்டது. அன்றிலிருந்து எப்போது எண்ணினாலும் ஒரு தலை கூடுதலாக வருகிறது. நாற்பத்திரண்டு டிக்கெட் கிழித்திருப்பான், தலை நாற்பத்து மூன்று இருக்கும். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று முதல் வாரம் சீட்டு சீட்டாகப் போய் டிக்கெட்டைக் காட்டச் சொல்லி வசவு வாங்கினான். எல்லோரிடமும் டிக்கெட் இருந்தது. பிறகு கேட்பதை விட்டுவிட்டான். கூடுதல் தலை யாருடையது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

அது பக்கிரியின் தலை. அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் அந்தத் தலைவர் இல்லாத கூட்டத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

புதுச்சேரியில் கட்சிக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு கொடிக்கம்பம், கம்பத்துக்கு மூன்று தலைவர். ஆனால் இந்தக் கூட்டத்துக்காரர்களுக்குத் தலைவர் என்ற சொல்லே ஆகாது. பாதிப் பேர் மில்லில் வேலை பார்த்து நடுத்தெருவுக்கு வந்தவர்கள். மேடையில் தொடை தட்டிவிட்டு, மறுநாள் ஏ.சி. ரூமில் கையெழுத்துப் போட்டவர்களைக் கண்ணால் பார்த்தவர்கள். சூடு கண்ட பூனைகள். நெல்லித்தோப்பில் ஒரு மாடியறையில் படிப்பகம் நடத்திய, நூலகத்தில் வேலை பார்த்த சிவசங்கரி என்ற பெண்தான் அவர்களுடைய எண்ணத்துக்கு அரசின்மைவாதம் என்று ஒரு பெயர் இருப்பதைச் சொன்னாள். பெயர் பலருக்கு வாயில் நுழையவில்லை, விஷயம் மனசுக்குள் நுழைந்துவிட்டது. யாரும் யாருக்கும் உத்தரவு போடக்கூடாது. எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவை எல்லோரும் சேர்ந்துதான் மாற்ற முடியும். இரண்டே சட்டம்.

நெல்லித்தோப்பில் படிக்கிறவர்கள் ஒரு குழு. மேட்டுப்பாளையத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு குழு. கோரிமேட்டில், ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கும் வெளியூர் நோயாளிகளுக்குக் கஞ்சியும் ரத்தமும் ஏற்பாடு செய்யும் கமலக்கண்ணனும் அவன் சிநேகிதர்களும் ஒரு குழு. கடைசியாகத் தவளக்குப்பத்தில் மூன்றே மூன்று பேர். நாலும் கோவிந்தராசுவின் பஸ் போகிற பாதையில் இருந்தன. ஆரம்பத்தில் சேதியை இங்கிருந்து அங்கே கொண்டுபோனான். பிறகு அது என்ன சேதி என்று நின்று கேட்டான். அப்புறம் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் அவனுக்கும் ஒன்று விழுந்தது. டீ வாங்கி வர யார் போவது என்று முடிவெடுக்கவே இவர்களுக்கு அரை மணி நேரம் ஆகும் என்று கேலி செய்வான். ஆனாலும் முப்பத்தெட்டு வயது வரை ஓனரும் போலீசும் மச்சானும் ஏவிய உடம்பு அது. "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று நாலு பேர் அவனைப் பார்த்துக் கேட்டபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

தவளக்குப்பம் மூவரில் பக்கிரி மூத்தவர். மில்லில் நூல் ஓட்டியவர், மில் போன பிறகு டவுன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அந்த இரண்டு சட்டத்தையும் அவரைப் போல நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை.

மேட்டுப்பாளையத்தில் அப்போது ஒரு சாயக் கம்பெனி. பெயர் எதற்கு, இப்போது அது இல்லை. கழிவுத் தண்ணீரை டேங்கர் லாரியில் நிரப்பி, விடியுமுன் பின்பக்க ரோடு வழியாகக் கொண்டுபோய் வாய்க்காலில் விடுவார்கள். கிணறெல்லாம் நிறம் மாறிப்போனது. போகியன்று காலை ஐந்து மணிக்கு நாலு குழுவுமாக முப்பது பேர் அந்த ரோட்டில் உட்கார்ந்து லாரியை மறிப்பது என்று இரண்டு மாதம் பேசி முடிவெடுத்தார்கள்.

போகிக்கு முதல் நாள் மதியம் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் கமலக்கண்ணன் காதைக் கடித்தார். பட்டியல் தயார், ரோட்டில் உட்கார்ந்தால் பொங்கல் உள்ளேதான். சாயங்காலம் நெல்லித்தோப்பில் அவசர அவசரமாக மூன்று குழுக்கள் கூடின. பொங்கல் கழியட்டும், தேதி மாற்றுவோம் என்று பேசி எழுந்தார்கள். பயம் என்று யாரும் சொல்லவில்லை. பயம்தான். தவளக்குப்பத்திலிருந்து யாரும் வரவில்லை. இரண்டு பேர் பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள், பக்கிரி மார்க்கெட்டில் இருந்தார். அவரிடம் போய்க் கேட்பது யார்? போ என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். "பக்கிரி அண்ணன் கோவிந்தராசு பஸ்ஸுலதான வருவாரு, கோவிந்தராசு சொல்லிக்குவாரு" என்றது ஒரு குரல். எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் கோவிந்தராசுவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

ஏழு மணி நடையில் பக்கிரி ஏறினார். தோளில் துண்டு, உடம்பெல்லாம் வெங்காயச் சருகு. பொங்கல் கூட்டம், கரும்புக்கட்டு, மஞ்சள் கொத்து என்று பஸ் பிதுங்கியது. பின்படியில் அவன் பக்கத்திலேயே நின்றார்.

"அண்ணே, நாளைக்கு வேணாம்னு முடிவாயிடுச்சு" என்றான் கோவிந்தராசு.

"யாரு முடிவு பண்ணது?"

"மூணு எடத்துக்காரங்களும் பேசினாங்க. போலீசு தயாரா இருக்குதாம்."

"எங்களக் கேக்கலியே."

"அதான் நான் சொல்றனே."

"சொல்றது வேற, கேக்கறது வேற, கோவிந்து. நாலு எடமும் சேர்ந்து எடுத்தத மூணு எடம் நிறுத்துனா, நாலாவது எடத்துக்கு அது நிக்கல. மில்லுலயும் இப்பிடித்தான் எங்களுக்கு சொன்னாங்க. கேக்கல."

அவர் கோபமாகப் பேசவில்லை. கணக்குப் பாடம் சொல்லித் தருகிறவர் மாதிரிப் பேசினார். போகாதீங்க என்று ஒரு வார்த்தை கோவிந்தராசுவின் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அது உத்தரவு. தான் யார் அவருக்கு உத்தரவு போட? "உங்க இஷ்டம் அண்ணே" என்றான்.

அரியாங்குப்பம் தாண்டியதும் பக்கிரி திரும்பினார். "நீ வர்றியா? ரெண்டு பேரு இருந்தா நல்லாருக்கும்."

"டூட்டி அண்ணே."

டூட்டி மதியத்துக்கு மேல்தான். காலையில் அவனுக்கு வேலை எதுவும் இல்லை. பக்கிரி சரி என்று தலையாட்டி, தவளக்குப்பத்தில் இறங்கி, பஸ் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

விடிகாலையில் கோவிந்தராசு விழித்துக்கொண்டான். தெருப் பிள்ளைகள் போகி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். போர்வைக்குள்ளேயே கிடந்தான். போகப் போகிறாரா, போயிருப்பாரா, தனியாகவா போவார் என்று யோசித்துக்கொண்டே கிடந்தான். ஆறு மணிக்கு எழுந்து அவனும் வாசலில் பழைய பாயைப் போட்டுக் கொளுத்தினான்.

பக்கிரி நாலு மணிக்கே சைக்கிளை மிதித்திருக்கிறார். மார்கழிப் பனி ஒரு பக்கம், டயர் கொளுத்திய புகை ஒரு பக்கம். ஐந்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத ரோட்டில் நடுவே துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார். முப்பது பேர் உட்கார்ந்திருந்தால் குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். லாரிக்காரன் தானே இறங்கி வந்து அழுதானாம். ஒருத்தன் தனியா ரோட்டுல ஒக்காருவான்னு நான் எப்பிடிங்க நெனைப்பேன் என்று பார்த்தவர்களையெல்லாம் கேட்டானாம்.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில்தான் கோவிந்தராசு அந்தப் பொய்யைச் சொன்னான். சிவசங்கரி அழுத கண்ணோடு வந்து, "நேத்து பக்கிரி அண்ணனப் பாத்தீங்களா, சேதி சொன்னீங்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் பக்கிரியின் சம்சாரம் கன்னியம்மாள் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லம்மா. அவரு பஸ்ஸுல ஏறவே இல்ல" என்றான்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கல் தடுக்கினால் கை முன்னே போகுமே, அப்படி வந்த பொய். வந்த பிறகு அதைத் திரும்ப வாங்க வழி தெரியவில்லை.

அந்தப் பொய்யின் மேல்தான் பிறகு எல்லாம் கட்டப்பட்டது. சேதி போய்ச் சேராததால் ஒரு மனுஷன் செத்தான், இனி அப்படி நடக்கக்கூடாது என்று நாலு குழுவும் கருமாதி முடிந்த மறுவாரமே கூடின. தலைவர் வேண்டாம், ஆனால் சேதி தவறக்கூடாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை மண்டையை உடைத்துக்கொண்டு சிவசங்கரி ஒரு முறையை வகுத்தாள். வளையம் என்று பெயர். ஒரு குழு கிளப்பும் சேதி அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். திரும்பி வராத சேதி செல்லாது. செல்போன் மலிவாகிவிட்ட காலம், குழுவுக்கு ஒன்று வாங்கினார்கள். வாரா வாரம் சோதனைச் சேதி விட்டு எத்தனை நிமிஷத்தில் திரும்புகிறது என்று பார்த்தார்கள். முதலில் இரண்டு மணி நேரம் ஆனது பதினெட்டு நிமிஷத்துக்கு வந்தது. நாலு குழு ஏழானது. சாயக் கம்பெனி லாரியை அடுத்த வருஷம் நூற்றிருபது பேர் உட்கார்ந்து மறித்தார்கள். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஆட்கள் வந்து, தலைவர் இல்லாமல் எப்படி இவ்வளவு ஒழுங்கு என்று வாயைப் பிளந்தார்கள்.

எல்லாம் சரி. வைத்தியம் வேறு நோய்க்கு நடந்துகொண்டிருந்தது என்று ஒருத்தனுக்கு மட்டும் தெரியும். சேதி சேர்ந்தது. சேதி தெரிந்தும் கிளம்பியவரோடு துணைக்கு ஒருத்தன் போகவில்லை. அதற்குப் பதினெட்டு நிமிஷத்தில் சுற்றும் வளையம் என்ன செய்யும்?

கோவிந்தராசு இருக்கும் கூட்டமெல்லாம் அவனுக்கு நரகமாகிவிட்டது. வட்டத்தில் ஒன்பது நாற்காலி என்றால் பத்தாகத் தெரியும். மேட்டுப்பாளையத்தில் வண்டி கிளம்பும்போது யாரும் கை வைக்காமலே பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு கேட்கும். "டேய், யாருடா தட்டுனது?" என்று ஆரம்பத்தில் எட்டிப் பார்ப்பான். இப்போது பார்ப்பதில்லை, பேசாமல் விசில் கொடுத்துவிடுவான். போராட்டம் எங்கே என்றாலும் முதல் ஆளாகப் போய்த் தரையில் உட்கார்ந்தான். லீவு போட்டு, சம்பளம் பிடிபட்டு, ராத்திரித் தூக்கம் கெட்டு உட்கார்ந்தான். "அண்ணன மாதிரி உறுதி யாருக்கும் வராது" என்று கமலக்கண்ணன் எல்லோரிடமும் சொன்னான். அதைக் கேட்டால் கோவிந்தராசு டீ வாங்கி வர எழுந்துவிடுவான். போகி வந்தால் விடியுமுன்னே எழுந்து எங்கேயோ கிளம்பிவிடுவான். எங்கே போறே என்று பெண்டாட்டி செல்வாம்பாள் கேட்டால் டூட்டி என்பான்.

கன்னியம்மாள் தவளக்குப்பம் முனையில் கீரைக்கடை போட்டிருந்தாள். நாலு வருஷத்தில் அவள் அழுது அவன் பார்த்ததில்லை. அவளைச் சிறுமைப்படுத்தியது வேறு ஒன்று. சொந்தக்காரர்கள் சாவு வீட்டிலேயே ஆரம்பித்து இன்று வரை சொல்கிறார்கள்: அத்தனை பேரும் வீட்டுல படுத்துக்கிட்டானுங்க, இவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல நாதியில்ல, ஏமாந்தவன் போயி செத்தான். கடையில் நின்று பேரம் பேசுகிறவள்கூட, "அந்த சேதி தெரியாம செத்தாரே, அவரு ஊட்டுக்காரியா நீ?" என்று கேட்டுவிட்டுப் போவாள். கன்னியம்மாள் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள்.

2008 மாசியில் சிவசங்கரி வளையத்தைப் பற்றிப் பதினாறு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதினாள். வெளியூர்க் குழுக்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. அச்சுக்குப் போகுமுன் எல்லோரும் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும் அல்லவா, ஆளுக்கொரு படி கொடுத்தாள். "கன்னியம்மா அக்காவுக்கும் ஒண்ணு. அவங்களுக்கு நீங்களே படிச்சுக் காட்டிடுங்கண்ணே" என்று கோவிந்தராசுவிடம் இரண்டு கொடுத்தாள்.

தவளக்குப்பத்தில் பஸ் பன்னிரண்டு நிமிஷம் நிற்கும். வெயில் சாய்கிற நேரம், கடையில் கூட்டம் இல்லை. கன்னியம்மாள் படியை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். எழுத்து தெரியாது.

"அவரு பேரு போட்டிருக்குதா தம்பி?"

"மொதப் பக்கத்துலயே போட்டிருக்குதுக்கா."

"படி, கேப்போம்."

'சேதி வந்து சேராததால் உயிரிழந்த தோழர் பக்கிரிக்கு' என்று இருந்தது. கோவிந்தராசு வாயைத் திறந்தான். தோழர் பக்கிரிக்கு என்று வந்தது. அதற்கு முன்னால் இருந்த நாலு வார்த்தை வரவில்லை. நாலு வருஷமும் அந்த நாலு வார்த்தைக்குள் வந்து நின்றது.

"இன்னா தம்பி?"

"அக்கா, இது தப்பு" என்றான். "அவருக்குச் சேதி தெரியும். நான்தான் சொன்னேன். மொத நாளு பஸ்ஸுல ஏறினாரு. வேணாம்னு முடிவாயிடுச்சுன்னு சொன்னேன். எங்களக் கேக்காம நிறுத்துனது எங்களுக்கு நிக்காதுன்னாரு. உங்க இஷ்டம்னுட்டேன். ஆஸ்பத்திரியில பொய் சொல்லிட்டேன்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடிக்க வேண்டும் என்றுதான் விரும்பினான். மண்ணை வாரித் தூற்றி, முனையிலிருக்கும் ஜனமெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கன்னியம்மாள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சேதான் போனாரா?"

"ஆமாக்கா."

"அவர மதிச்சு, மனுசன்னு நெனைச்சு, ஒருத்தன் வந்து சொல்லியிருக்கான்."

"சொன்னேன்க்கா."

அவளுக்கு அழுகை வந்தது. நாலு வருஷத்து அழுகை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "ஏமாந்துட்டாரு, ஏமாந்துட்டாருன்னு எத்தினி பேரு. நானே நெனைச்சேன் தம்பி. பொணத்தக் குளிப்பாட்டும்போதுகூட, ஒலகத்துல ஒருத்தன்கூட ஒன்ன நெனைக்கலியே, இப்பிடி ஒரு ஏமாளியா போயிட்டியேன்னுதான் நெனைச்சேன். அவரு சொன்ன வார்த்தைய இன்னொரு தரம் சொல்லு."

சொன்னான். அவள் உதட்டை அசைத்து அதை மனப்பாடம் செய்தாள்.

"அவரு பேச்சுதான் அது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி புக்குல மாத்தச் சொல்லு. தெரிஞ்சே போனாருன்னு போடச் சொல்லு. ஏன் மறைச்சேன்னு உன்ன நான் கேக்க மாட்டேன். பயம். புள்ளகுட்டிக்காரன், பயந்துட்டே. இன்னிக்காவது சொன்னியே, நீ நல்லாருப்பே." ஈரக் கையை அவன் தலையில் வைத்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முதல் வருஷமே வந்து சொல்லியிருப்பானே என்று கோவிந்தராசு நினைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"தம்பி, ஒண்ணு மட்டும் வெளங்கல" என்றாள் கன்னியம்மாள். "அவரு யாரையும் கூடக் கூப்புடலியா? டீ குடிக்கப் போனாக்கூட ஒருத்தர இழுத்துக்கிட்டுத்தான் போவாரு. தனியா ஒரு எடத்துல ஒக்காரவே தெரியாது அந்த மனுசனுக்கு. யாரையாச்சும் கூப்புட்டிருப்பாரே."

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் அவரைப் பற்றிக் கேட்க ஆசைப்பட்டுத்தான் கேட்டாள். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார்.

"இல்லக்கா" என்றான் கோவிந்தராசு. "யாரையும் கூப்புடல."

"அப்பிடியா" என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டு கட்டு முருங்கைக்கீரையை எடுத்து உதறி அவன் கையில் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பொரியல் பண்ணிப் போடச் சொன்னாள். அவன் வாங்கிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறினான்.